கொரிய எழுத்து ஏன் உடைகிறது? வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்கள் கணினியிலும் திறன்பேசியிலும் கொரிய எழுத்தோடு படும் பாட்டை எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒருவருக்குச் சொல்லும் பதில் இன்னொருவருக்கும் வேண்டியிருக்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இதழில் சேர்த்துவிட்டோம். தமிழ் எழுத்துக்கும் பொருந்தும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: கோல்ஃப் ஆட வரும் கொரியர்கள் தங்குகிற ஹோம்ஸ்டே ஒன்றுக்கு உணவுப் பட்டியல் பேனர் அடித்துக் கொடுக்கிறோம். வாசகத்தை வாடிக்கையாளர் புலனத்தில் அனுப்பினார். தூரிகையால் எழுதினாற்போன்ற எழுத்துரு ஒன்றைப் போட்டோம். மற்ற எல்லாம் அழகாக வந்தன. ‘தொம்யாம்’ என்ற சொல்லின் முதல் எழுத்து மட்டும் ஒல்லியாக, வேறு சாயலில் நிற்கிறது. இன்னொரு கணினியில் திறந்தால் அந்த இடத்தில் வெறும் கட்டம். வாசகத்தில் பிழையா, ஐயா?
— அச்சகம் நடத்தும் வாசகர்

பதில்: வாசகம் சரி. நீங்கள் போட்ட எழுத்துருவில் அந்த எழுத்து வரையப்படவே இல்லை. சில நிரல்கள் இல்லாத எழுத்தை வேறொரு எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கி நிரப்பும். சில கட்டம் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். அதனால்தான் இரண்டு கணினியில் இரண்டு விதம்.

கொரியர்கள் மெய்யையும் உயிரையும் ஒரு சதுரத்துக்குள் அடுக்கி ஓர் அசையை ஓர் எழுத்தாக எழுதுவார்கள். அப்படி எழுதக்கூடிய அசைகள் மொத்தம் 11,172. ஆனால் 1987இல் தென்கொரியா வகுத்த கே.எஸ். சி 5601 என்ற கணினி எழுத்துத் தரத்தில் 2,350 அசைகளுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. அந்தத் தரம் 94 வரிசை, வரிசைக்கு 94 இடம் என்று அமைந்தது. 52 வரிசைகளைச் சீன எழுத்துகள் எடுத்துக்கொண்டன (4,888 எழுத்து). குறியீடுகள், பிற மொழி எழுத்துகள் எல்லாம் போக ஹங்குல் (கொரிய எழுத்து) அசைகளுக்கு 25 வரிசை. 25ஐ 94ஆல் பெருக்கிப் பாருங்கள், 2,350 வரும். அடிக்கடி வரும் அசைகளைப் பொறுக்கி அதற்குள் அடக்கினார்கள். தாய்லாந்துச் சூப்பான தொம்யாமின் கொரிய வடிவம் இரட்டைத் தகரத்தை அழுத்தி, ‘ஒ’ சேர்த்து, ‘ம்’ வைத்து முடியும் அசையில் தொடங்குகிறது. சொந்தச் சொற்களில் அரிதான அசை. அந்தப் பொறுக்கலில் விடுபட்டுவிட்டது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோட் வந்து இத்தனை ஆண்டு ஆன பிறகும், அலங்கார எழுத்துரு வரைகிறவர்களில் பலர் அந்த 2,350ஐ வரைந்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 11,172 சதுரங்களையும் கையால் சீர் செய்வது பெரிய வேலை.

செய்ய வேண்டியது இதுதான். விலை பேசுவதற்கு முன்பே முழு வாசகத்தையும் அந்த எழுத்துருவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சோதனைக்கு ஒரு சின்ன வலைப்பக்கக் கோப்பில் 똠 என்று எழுதி உலாவியில் திறந்தால் மேற்சொன்ன அசை வரும்; அதை நகலெடுத்து எழுத்துருவில் ஒட்டுங்கள். கட்டமோ ஒல்லி எழுத்தோ வந்தால் அந்த எழுத்துரு 2,350 வகை. நோட்டோ சான்ஸ் கே.ஆர்., விண்டோஸில் உள்ள மால்குன் கோதிக் இரண்டிலும் 11,172ம் உண்டு. தூரிகை எழுத்துருதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக இருந்தால், அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றாதீர்கள். உணவின் பெயர் முழுவதையும் வேறு எழுத்துருவுக்கு மாற்றுங்கள், திட்டமிட்டு வேறாக வைத்தது போல் இருக்கும். வேறு அசைகளிலிருந்து துண்டுகளை வெட்டி ஒட்டிப் புதிய அசை செய்யவும் முயல வேண்டாம். ‘ஒ’ கீழே வந்தால் மேலே உள்ள மெய் தட்டையாகும், இறுதி மெய் வந்தால் எல்லாமே இன்னும் குறுகும். ஒட்டுவேலை கொரியர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக, எழுத்தைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றி அச்சுக்கு அனுப்புவது நல்ல பழக்கம். ஆனால் கட்டம் இருந்தால் கட்டமும் கோட்டுருவமாகிவிடும், பிறகு எந்த எச்சரிக்கையும் வராது. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் பார்த்தே அனுப்புங்கள்.

கேள்வி: படிவம் 5 படிக்கிறேன். நாடகம் பார்த்துப் பார்த்துக் கொரிய எழுத்தைக் கற்றுக்கொண்டேன். மொத்தமே இருபத்து நான்கு அடிப்படை எழுத்துதான் என்கிறார்கள். பிறகு 11,172 எங்கிருந்து வருகிறது? கணினி அவ்வளவையும் எப்படி நினைவு வைக்கிறது? இன்னொன்று: தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்தின் கடைசி மெய் திடீரென்று அடுத்த எழுத்துக்குத் தாவுகிறது. என் விசைப்பலகை கெட்டுவிட்டதா?
— மாணவி

பதில்: விசைப்பலகைக்கு ஒன்றும் இல்லை, தங்கச்சி. முதலில் கணக்கு.

அடிப்படை எழுத்து 24தான். இரட்டை மெய்களையும் கூட்டு உயிர்களையும் சேர்த்தால், அசையின் தொடக்கத்தில் வரக்கூடிய மெய் 19, நடுவில் வரும் உயிர் 21, இறுதியில் வரும் மெய் அல்லது மெய்க்கூட்டு 27. இறுதி மெய் இல்லாமலும் அசை முடியலாம் என்பதால் அதை 28 என்று கொள்ள வேண்டும். 19, 21, 28 மூன்றையும் பெருக்கு: 11,172.

தோட்டத்து லயங்களை நினைத்துக்கொள். 19 லயம், ஒவ்வொன்றிலும் 21 வீடு, ஒவ்வொரு வீட்டிலும் 28 அறை. வரிசையாக எண் போட்டுக்கொண்டே போனால், அறை எண்ணை வைத்தே எந்த லயம், எந்த வீடு என்று சொல்லிவிடலாம். யூனிகோடில் முதல் அறையின் எண் 44032, கடைசி அறையின் எண் 55203. பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே கணினிக்கு இல்லை, கணக்குப் போட்டால் போதும்.

‘ஹங்குல்’ என்ற சொல்லின் முதல் அசையான ‘ஹன்’ எழுத்தைப் போட்டுப் பார்ப்போம். எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்கும். தொடக்க மெய்களில் ‘ஹ’ கடைசி, அதாவது 18. உயிர்களில் ‘அ’ முதல், 0. இறுதி மெய்களில் ‘ன்’ 4 (பூச்சியம் என்றால் இறுதி மெய் இல்லை). 18ஐ 21ஆல் பெருக்கி உயிரின் எண்ணைக் கூட்டு: 378. அதை 28ஆல் பெருக்கி இறுதி மெய்யைக் கூட்டு: 10,588. இதோடு 44032ஐச் சேர்த்தால் 54620. வலைப்பக்கக் கோப்பில் 한글 என்று எழுதித் திறந்து பார், ‘ஹங்குல்’ என்ற சொல் கொரிய எழுத்தில் வரும். இரண்டாவது எண்ணை நீயே பிரித்துப் பார்க்கலாம்: 44032ஐக் கழித்தால் 512, 588க்குள் (ஒரு லயத்தின் மொத்த அறை, 21 × 28) அடங்குவதால் தொடக்க மெய் 0, 512ஐ 28ஆல் வகுத்தால் ஈவு 18, மீதி 8. முதல் மெய், பத்தொன்பதாவது உயிர், எட்டாம் எண் இறுதி மெய்.

இனி தாவல். நீ ‘ஹ’, ‘அ’, ‘ந’ என்று மூன்று விசை தட்டினால் நிரல் ‘ஹன்’ என்று ஓர் எழுத்தாக அடுக்கும். அடுத்து ஓர் உயிர் வந்தால், உயிருக்கு முன் ஒரு மெய் நிற்க வேண்டும் என்பது எழுத்து முறையின் விதி. ஆகவே ‘ன்’ முந்தைய எழுத்தை விட்டு இறங்கிப் புதிய எழுத்தின் தொடக்கமாகிவிடும்: ‘ஹனா’, அதாவது ஒன்று. இறுதி மெய் கீழேயே நிற்க, அடுத்த அசை உயிரொலியில் தொடங்க வேண்டுமானால், இடையில் ஒலியில்லாத வட்ட எழுத்தைத் தட்ட வேண்டும். வேகமாகத் தட்டுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுவார்கள்.

அழிப்பு விசையும் இரண்டு விதமாக நடக்கும். எழுத்து இன்னும் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தால் ஒரு மெய்யோ உயிரோ மட்டும் போகும். அடுத்த எழுத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அழித்தால் முழு அசையும் போகும். விண்டோஸில் கொரிய மொழியைச் சேர்த்த பிறகும் ஆங்கிலமே வருகிறதென்றால் வலப்பக்க ஆல்ட் விசையை ஒருமுறை தட்டு. ஹங்குல் நிலைக்கு மாறும்.

சிரிப்புக்காக ‘க்க்க்’ என்று தனி மெய்களை அடுக்குகிறார்களே, அவை வேறு வகை. தனியாக நிற்கவென்றே 12593இல் தொடங்கும் எழுத்துகள் அவை. எத்தனை அடுக்கினாலும் தாமாகச் சேர்ந்து அசை ஆகாது. சேரக்கூடிய துண்டுகள் 4352இல் தொடங்கும் வேறொரு பகுதியில் இருக்கின்றன. அடுத்த கேள்விக்கு அவைதான் காரணம்.

கேள்வி: எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் பழைய மாணவர் ஒருவர் கொரிய மொழி அறிமுகப் பாடக் கோப்புகளை மேக் கணினியிலிருந்து அனுப்பினார். எங்கள் விண்டோஸ் கணினியில் கோப்புப் பெயர்கள் எல்லாம் தனித்தனி மெய், உயிராகச் சிதறிக் கிடக்கின்றன. பெயரைத் தட்டித் தேடினாலும் கிடைக்கவில்லை. கோப்பு உள்ளே நன்றாகவே இருக்கிறது.
— ஆசிரியை

பதில்: டீச்சர், யூனிகோடில் ‘ஹன்’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். முழு அசையாக ஒரே எண்: 54620. அல்லது மூன்று துண்டாக: 4370, 4449, 4523. இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதி சொல்கிறது. சேர்த்த வடிவத்துக்கு என்.எஃப்.சி. என்றும், பிரித்த வடிவத்துக்கு என்.எஃப்.டி. என்றும் பெயர். ஆப்பிளின் பழைய கோப்பு முறையான எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்புப் பெயர்களைப் பிரித்தே பதிந்தது. 2017இல் வந்த ஏ.பி.எஃப்.எஸ். கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆனாலும் பல நிரல்கள் பழைய பழக்கத்தில் பிரித்தே கொடுக்கின்றன. விண்டோஸ் எதையும் சேர்ப்பதில்லை. அதன் கண்ணுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு நிற்பதைக்கூட அது ஏற்றுக்கொள்ளும்.

நாலைந்து கோப்பு என்றால் விண்டோஸிலேயே பெயரைப் புதிதாகத் தட்டிவிடுங்கள். பழைய பெயரை நகலெடுத்து ஒட்டினால் துண்டுகள்தான் ஒட்டும். நிறைய இருந்தால் பைத்தான் நிரல்மொழியில் யூனிகோட்டேட்டா என்ற நூலகத்தின் நார்மலைஸ் செயற்கூற்றுக்கு என்.எஃப்.சி. என்று கொடுத்து ஒவ்வொரு பெயரையும் மாற்றலாம். சில வரிகளில் முடியும் வேலை. முதலில் கோப்புறையை நகலெடுத்து வையுங்கள். சேர்ந்த பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் மோதும்.

என்.எஃப்.கே.சி. என்று இன்னொன்று இருக்கிறது; பெயர் ஒத்திருப்பதால் அதைப் போட்டுவிடாதீர்கள். அது மேலே சொன்ன தனி மெய்களையும் தொடக்க மெய்யாக மாற்றிச் சேர்க்கப் பார்க்கும். தனித்தனியாக எழுதிய ‘ஹ’, ‘அ’, ‘ந’ அதன் வழியாகப் போனால், ‘ஹ’வும் ‘அ’வும் ஓர் அசையாகச் சேர்ந்து, ‘ந’ இறுதி மெய்யாகாமல் பக்கத்தில் அநாதையாக நிற்கும். எழுத்துகளைத் தனித்தனியே காட்டும் பாடக் கோப்பில் இது பெரும் சேதம்.

எக்செல் பட்டியலில் சந்தேகம் வந்தால், எத்தனை எண் இருக்கிறது என்று எண்ணும் லென் சார்பைப் போட்டுப் பாருங்கள். ‘ஹன்’ அசைக்கு 1 வந்தால் சேர்ந்தது, 3 வந்தால் பிரிந்தது. இதையே நம் ‘கொ’வுக்கும் செய்யுங்கள். ககரத்துக்கு 2965, ஒகரக் குறிக்கு 3018, ஆக 2 வர வேண்டும். கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியிருந்தால் 2965, 3014, 3006 என்று 3 வரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாணவர் பட்டியலில் ‘கோமதி’யைத் தேடிக் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்; மேற்சொன்ன என்.எஃப்.சி. மாற்றம் அதையும் சரிசெய்யும்.

கேள்வி: பழைய கொரியத் தொடர் ஒன்றின் வசனக் கோப்பைத் திறந்தால் தலையில் கொம்பும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வருகிறது. மீட்க வழி உண்டா?
— இல்லத்தரசி

பதில்: உண்டு, அம்மா. ஒரே நிபந்தனை: இன்னும் அதைச் சேமித்திருக்கக் கூடாது.

பழைய கொரியக் கோப்புகள் யூனிகோடில் இருக்காது. ஓர் அசைக்கு இரண்டு பைட் (பைட் என்பது கணினி சேமிக்கும் சிறு எண்) வீதம் ஈ.யு.சி.-கே.ஆர். முறையிலோ, மைக்ரோசாஃப்ட் அதை விரித்து விண்டோஸ் 95இல் கொடுத்த 949 முறையிலோ இருக்கும். விடுபட்ட 8,822 அசைகளையும் 949 சேர்த்துக்கொண்டது. ‘ஹங்குல்’ அதில் 199, 209, 177, 219 என்று நாலு பைட். நிரல் அதை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாகக் காட்டுகிறது. இன்றைய யு.டி.எஃப்.-8இல் ‘ஹன்’ மட்டுமே 237, 149, 156 என்று மூன்று பைட்.

நோட்பேட் பிளஸ் பிளஸில் கோப்பைத் திறந்து, என்கோடிங் பட்டியலில் கேரக்டர் செட்ஸ், அதற்குள் கொரியன், அதற்குள் விண்டோஸ் 949 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கொரிய எழுத்து தெரிந்த பிறகே அதே பட்டியலில் ‘கன்வர்ட் டு யு.டி.எஃப்.-8’ கொடுத்துச் சேமியுங்கள். வரிசை மாறினால் வினை. முதலிலேயே கன்வர்ட் கொடுத்தால் அந்தக் கொம்பு எழுத்துகளே யூனிகோடாகிவிடும். எக்செல் என்றால் கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், டேட்டா பட்டியலில் உரைக்கோப்பை இறக்கும் வழியாகப் போய், ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 949 கொரியன் என்று கொடுங்கள். யு.டி.எஃப்.-8 கோப்பு என்றால் 65001.

கொம்பு எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி அடங்கிய கறுப்பு வைரங்கள் தெரிந்தால், கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு, சேமிக்காமல் மூடுங்கள். அந்த நிலையில் சேமித்தால் பழைய பைட்டுகள் இருந்த இடத்தில் எல்லாம் ஒரே குறி உட்கார்ந்துவிடும். அதை யாராலும் மீட்க முடியாது.

பள்ளி மலர், கோவில் மலர்க் கோப்புகளைத் திஸ்கி, டாப், டாம் போன்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களில் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடித்த பிறகே மாற்றியைப் போடுங்கள்.

கேள்வி: விளையாட்டுப் போட்டிக்கு இணையப் பதிவுப் படிவம் வைத்தோம். பெயர் கட்டாயம் என்று போட்டும் இரண்டு பேர் வெற்றுப் பெயரில் பதிந்திருக்கிறார்கள். எப்படி?
— இளைஞர் மன்றச் செயலாளர்

பதில்: யூனிகோடில் 12644ஆம் எண்ணில் ஹங்குல் நிரப்பி என்ற எழுத்து இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இடைவெளியாகக் கணக்கிடப்படாமல் எழுத்தாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. இடைவெளியை நீக்கும் சோதனையில் அது சிக்காது. படிவத்தைச் சரிபார்க்கும் இடத்தில் 12644, 4447, 4448 மூன்று எண்களையும் நீக்கிவிட்டு, மீதி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கொரியருக்கு யூனிகோடில் 11,172 இடம் கொடுத்தவர்கள், 247 எழுத்துள்ள தமிழுக்கு 128 இடத்தை ஒதுக்கி ‘கி’யைக்கூட இரண்டாக உடைத்துவிட்டார்கள். இது ஓரவஞ்சனை இல்லையா?
— ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி

பதில்: ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறோம்.

1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பில் கொரியருக்கும் அதே 2,350 அசைதான். 1993இல் வந்த 1.1 பதிப்பில் 6,656. அவையும் துண்டு துண்டாகச் சேர்க்கப்பட்டதால் அகர வரிசை குலைந்து கிடந்தது. 1996இல் வந்த 2.0 பதிப்பில் பழைய இடங்களை அடியோடு காலி செய்துவிட்டு, 44032இல் தொடங்கி 11,172ஐயும் ஒழுங்காக வைத்தார்கள். பழைய எண்களில் சேமித்திருந்த கொரியக் கோப்புகள் செல்லாக்காசாயின. காலியான இடத்தில் பின்னர் சீன எழுத்துகள் குடியேறின. அப்படி ஒரு கோப்பு இன்று கிடைத்தால் கொரியத்துக்குப் பதில் சீனம்தான் தெரியும். இந்தக் கலவரத்துக்குப் பிறகு, ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை இனி நகர்த்தவே மாட்டோம் என்று உறுதி பூண்டார்கள்.

கொரியரிடம் முழு அசைகளை அடுக்கிய தேசியத் தரம் முன்பே இருந்தது. அதில் எழுதிய கோப்புகளும் புழக்கத்தில் இருந்தன. யூனிகோட் அதை ஏற்க வேண்டியிருந்தது. இந்திய மொழிகளுக்கு அப்போது இருந்தது இஸ்கி என்ற தரம். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி, எல்லா மொழிக்கும் ஒரே சட்டகம். தமிழ் அந்தச் சட்டகத்தோடு 2944 முதல் 3071 வரை உட்கார்ந்துவிட்டது. முழு எழுத்துகளைக் கொண்ட தேஸ்16 என்ற முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஆனால் அது இருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அந்தப் பகுதியில் யாரும் எதையும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் திறன்பேசியும் தேடுபொறியும் அதைத் தமிழ் என்று அறியா.

எங்கள் கருத்தில், ‘கி’ இரண்டு எண்ணாக இருப்பதைவிட நம்மை அதிகம் வாட்டுவது வரிசை. கொரியத்தில் எண் வரிசையே அகர வரிசை. நிரலாளர் ஒன்றும் செய்யாவிட்டாலும் பட்டியல் சரியாக வரும். தமிழில் எண் வரிசைப்படி அடுக்கினால் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் நுழையும். கடைசியில் நிற்க வேண்டிய னகரம் பகரத்துக்கு முன் வரும். புள்ளிக்கு உயிர்க்குறிகளைவிடப் பெரிய எண் என்பதால் ‘க்’ போய் ‘கௌ’வுக்குப் பின்னால் நிற்கும். நூல்நிலையப் பட்டியலோ வாக்காளர் பட்டியலோ செய்து தரச் சொல்லும்போது, தரவுத்தளத்தில் வரிசை மொழியைத் தமிழ் என்று அமைக்கச் சொல்லிக் கண்டிப்பாகக் கேளுங்கள். ஐ.சி.யு. என்ற இலவச நிரல் நூலகத்தில் தமிழ் வரிசை தயாராகவே இருக்கிறது.

கேள்வி: ஹோம்ஸ்டே விருந்தினருக்குக் கொரியத்திலும், ஊர்க்காரர்களுக்குத் தமிழிலும் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். தமிழுக்கு மட்டும் கட்டணம் கூடுவது ஏன்?
— ஹோம்ஸ்டே நடத்துநர்

பதில்: ஆங்கிலம் மட்டும் என்றால் ஒரு செய்தியில் 160 எழுத்து. அதில் ஒரே ஒரு தமிழ் அல்லது கொரிய எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் 70 இடத்துக்குச் சுருங்கும். நீண்டு பல பகுதியானால் பகுதிக்கு 67. கொரிய அசை ஒன்று ஓர் இடம் பிடிக்கும்: ‘அன்யோங்ஹாசேயோ’ என்ற வணக்கம் ஐந்து எழுத்து, ஐந்து இடம். நம் ‘வணக்கம்’ ஐந்து எழுத்தானாலும் இரண்டு புள்ளியும் தனி இடம் கேட்பதால் ஏழு. செய்தியை முதலில் எக்செலில் ஒட்டி லென் போட்டு, 70க்குள் வரும்படி வெட்டிவிட்டு அனுப்புங்கள். மேக்கில் தயாரித்த கொரிய வாசகம் பிரிந்த வடிவில் வந்திருந்தால் அதுவும் இரண்டு மூன்று மடங்கு இடம் பிடிக்கும். அதையும் முன்பே என்.எஃப்.சி. வடிவத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.